தாயக் கட்டத்தையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் லூடோ பற்றி வந்ததைப் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். தாயத்தைக் 'கிராமத்து லூடோ' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

லூடோவுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். அது நம் நாட்டுப் பச்சீசியை எளிதாக்கிக் கொண்டுபோன ஆட்டம். அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் பச்சீசிக் கட்டம் கல் தரையிலேயே இருக்கிறது, இன்றும் பார்க்கலாம். தாயமும் அந்தப் பச்சீசிக்குச் சொந்தம்தான். அப்படியிருக்க, லூடோவை வைத்தா தாயத்துக்குப் பெயர் சொல்வது?

எளிதாக்கியதில் போனது என்ன என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். லூடோவில் ஒரு பகடை. தாயத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நாலு பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் இரண்டு விதம்தான் தாயம், அதாவது ஒன்று. காயை இறக்க அந்தத் தாயத்துக்குக் காத்திருக்கும்போது வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு! ஒன்றுமில்லாததற்குத்தான் பெரிய எண் என்பதில் என் பேரனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் வீட்டில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஐந்து, அப்புறம் ஆறு, அப்புறம் மூன்று விழுகிறது என்று வையுங்கள். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். ஐந்தில் எதிராளி காயை வெட்டலாமா, மூன்றில் நம் காய் ஒன்றை யாரும் வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் ஏற்றிக் காப்பாற்றலாமா, ஆறை எந்தக் காய்க்குக் கொடுப்பது? ஒரு வெட்டாவது வெட்டாமல் உள் கட்டத்துக்குள் போக முடியாது, காய் கடைசிவரை போய்ப் பழமாகவும் முடியாது. அதனால் பயந்து ஓடிக்கொண்டே இருப்பவர் ஜெயிப்பதில்லை. போனில் லூடோ ஆடியபோது தட்டிவிட்டுச் சும்மா இருந்த பையன், இப்போது விரல்விட்டுக் கட்டம் எண்ணுகிறான்.

எங்கள் ஊர் நகரி. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் நாலு சோழியை வைத்து அஷ்டா சம்மா ஆடுவார்கள். நாலும் குப்புற விழுந்தால் அஷ்டா, எட்டு. நாலும் மல்லாந்தால் சம்மா, நாலு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க அந்த வீட்டம்மாவும் நாங்களும் ஒரே திண்ணையில் உட்காருவோம். பாதி இரவு அவர்கள் சோழி, பாதி இரவு எங்கள் கட்டை. தறியில் மிஞ்சும் வண்ண நூலைக் குச்சியில் சுற்றினால் காய். வெட்டுப்பட்டவர் கத்துவது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மார்கழி இதழில் ஒரு தாயக் கட்டமும் ஒரு அஷ்டா சம்மா கட்டமும் முழுப் பக்கத்துக்கு அச்சிடுங்கள். விதி என்று ஒன்றையே போட்டுவிட வேண்டாம். எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு மாறும். 'உங்கள் வீட்டில் எந்தெந்த எண்ணுக்கு மறு ஆட்டம் என்று பாட்டியைக் கேளுங்கள்' என்று கீழே ஒரு வரி போதும். நடுப்பக்கமாக இருந்தால் நல்லது. பின்னைக் கழற்றி எடுத்தால் கட்டம் கிழியாமல் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நகரி