டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மணமுறிவு, காதல் முறிவு என்று மனம் நொந்தவர்கள் 'எங்காவது போய்விட்டு வரலாம்' என்று முதலில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஜோடியாக எடுத்த விமான டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஒருவர் மட்டும் போவதென்றால் முன்பதிவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு, மற்றதை ரத்து செய்ய வேண்டும்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் துணைவர் பெயர் இருந்தால், விவாகரத்துத் தீர்ப்பு நகலோடு மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு முடியாத நிலையில் விசா படிவத்தில் 'விவாகரத்தானவர்' என்று எழுதிவிடக் கூடாது. ஷெங்கன் (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) படிவத்தில் 'பிரிந்து வாழ்பவர்' என்றே தனிக் கட்டம் உண்டு.

புதுச்சேரியிலேயே பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது தர வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திரும்ப வராது.

விசாவுக்குப் பண இருப்பைக் காட்டுவதற்காக, துணைவரோடு இருந்த கூட்டு வங்கிக் கணக்கை மூடிவிட்டு, கடைசி வாரத்தில் அப்பாவிடம் லட்ச ரூபாய் வாங்கிப் புதுக் கணக்கில் போடுவது சந்தேகத்தையே கிளப்பும். அதைவிடச் செலவை ஏற்பதாக அப்பா தரும் உறுதிக் கடிதமும் அவரது வங்கி அறிக்கையும் மேல்.

முதல் பயணத்துக்கே ஐரோப்பா எதற்கு என்பது என் எண்ணம். நேபாளத்துக்கு விசாவே வேண்டாம். விமானத்தில் போக வாக்காளர் அட்டை போதும், ஆனால் ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர், கடலூர்