வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சித்திரையிலிருந்து இந்தப் பங்குனி வரை நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டம் போட முடியவில்லை. மற்ற மாதங்களில் தவறாமல் கூடினோம். ஆடியில் விதைப் பரிமாற்றம் வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் மெனக்கெட்டது காய்களைப் பாட்டிலில் அடைத்து வைப்பதற்குத்தான். அதனால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நம் மணல் தோட்டங்களின் கதை எல்லோருக்கும் தெரியும். மழை முடிந்து, கிணற்றுத் தண்ணீர் கரிக்காமல் இருக்கும் தை, மாசியில் தக்காளியும் கத்தரியும் ஒன்றாகக் காய்த்துத் தள்ளும். சித்திரை பிறந்தால் தண்ணீர் உவர்ந்து செடி கருகிவிடும். தையில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்த பிறகும் மிஞ்சி அழுகுகிற அதே தக்காளியை வைகாசியில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதற்கு ஒரு வழி பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினோம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். வைகாசியில் கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் போட்டு, பாட்டிலை இறுக மூடி, இட்லிப் பானையில் கொதிக்கவைத்து எடுத்து நான்கைந்து வீடுகளுக்குக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் என் வீட்டுப் பாட்டில் ஒன்றின் மூடி உப்பியிருந்தது. அன்றைக்கே கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்த் திரும்ப வாங்கிவந்து, திறக்காமலே ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். நல்லவேளை, யாரும் அதைச் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று மழைக்காலம் முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்டேன். மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் சாவதில்லை. காற்றுப் புகாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சுவிடும் தசைகளையே முடக்கிவிடும். மூடி உப்பாமலும், நாற்றம் வராமலும், ருசி மாறாமலும் கூட நஞ்சு இருக்கலாம். என் பாட்டிலில் இருந்தது அதுதானா, வேறு கிருமியா என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அது வளரத் தோதான இடத்தை நானே செய்து கொடுத்திருந்தேன். புளிப்பை அளக்கும் பி.எச். அளவு (எண் கூடினால் புளிப்புக் குறைவு) 4.6-க்கு மேல் உள்ள காய் எல்லாமே இந்த வகைதான்: கொத்தவரை, பீன்ஸ், வெண்டை, கேரட், கிழங்குகள். இவற்றைப் பாட்டிலில் அடைக்க அதற்கென்றே செய்த பெரிய அழுத்தக் கலனில் 116 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும்.

வீட்டுக் குக்கரிலும் 120 டிகிரி வருமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சோதித்து வகுத்த நேரக்கணக்கு எல்லாம் பெரிய கலனுக்கானது. அது சூடேறவும் ஆறவும் எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. நம் குக்கர் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். பாட்டிலின் நடுவில் இருக்கும் காய்க்குப் போதிய சூடு போய்ச் சேராது. அதனால் புளிப்பில்லாத காயை நம் சங்கத்தில் யாரும் பாட்டிலில் அடைப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். இந்த ஆண்டின் முக்கியமான முடிவாக இதைத்தான் நினைக்கிறேன்.

தக்காளிக்கு வழி இருக்கிறது. அது 4.6 எல்லையை ஒட்டி நிற்பதால் புளிப்பைக் கூட்டிவிட வேண்டும். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம். எலுமிச்சம்பழத்தின் புளிப்புப் பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் அதை நம்ப வேண்டாம். நசுக்கிய தக்காளியைக் கொதிக்கவிட்டுச் சூடாகவே நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு மூடி, அடியில் துணி போட்ட உயரமான பானையில் மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்து, கொதி வந்ததிலிருந்து 35 நிமிடம். தையில் இப்படித்தான் செய்தோம். கிணற்றுத் தண்ணீரில் கொதித்த பாட்டில்களில் வெள்ளைப் படலம் படிந்தது. தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டால் படியாது.

நமக்கென்று உள்ள தொல்லை மூடிதான். கடற்காற்றில் தகர மூடி சீக்கிரமே துருப்பிடிக்கிறது. துருவேறிய மூடியையும் ஒருமுறை பயன்படுத்திய மூடியையும் மறுபடி போடக் கூடாது.

மற்ற காய்களுக்கு நம் அம்மாக்கள் காட்டிய வழி போதும். கொத்தவரையும் சுண்டையும் மோரில் ஊறி வற்றலாகட்டும். பங்குனி வெயில் நமக்குக் கிடைத்த கொடை. ஆனால் பொழுது சாய்வதற்குள் அள்ளி உள்ளே வையுங்கள். சாயங்காலக் காற்றின் ஈரத்தில் காய்ந்தது மறுபடி நமுத்துப்போகும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த தோல் என்பதால் மோர் மிளகாய்க்கு அதுபோல் வராது. வினிகரில் ஊறவைப்பவர்கள் லேபிளில் 5 சதவீத அமிலம் என்று இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் அதற்குச் சமமாக இருக்கலாம், அதிகமாகக் கூடாது. உப்பு என்றால் நம் வாலிநோக்கம் பக்கத்துக் கல்லுப்பே நல்லது. தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது ஊறல் தண்ணீரைக் கலங்க வைக்கும்.

வருகிற ஆண்டில் புது மூடிகளையும் சிட்ரிக் அமிலத்தையும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளச் செயற்குழு இசைந்திருக்கிறது. வேண்டியவர்கள் இன்றைக்கே பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். அப்புறம், தையில் அடைத்த தக்காளிப் பாட்டில்களில் தேதி எழுதாதவர்கள் வீட்டுக்குப் போனதும் எழுதி ஒட்டிவிடுங்கள். எதிலாவது மூடி தளர்ந்திருந்தால் ருசி பார்க்காமல் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்