சிறைத் தண்டனையோடு பணக் கணக்கையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாட்டின் முன்னாள் அதிபர் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டால், எத்தனை ஆண்டு சிறை என்பது முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அவர் எடுத்த பணம் அரசுக் கருவூலத்துக்குத் திரும்பியதா என்ற செய்தியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தென்கொரியாவின் முன்னாள் அதிபர் சுன் டூ-ஹ்வானுக்கு ராணுவக் கலகம், தேசத் துரோகம், லஞ்சம் ஆகிய குற்றங்களுக்காக 1996-இல் முதலில் மரண தண்டனையும், மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 1997 டிசம்பரிலேயே மன்னிப்புப் பெற்று வெளியே வந்துவிட்டார். ஆனால், 22,050 கோடி வொன்னை (வொன் என்பது தென்கொரிய நாணயம்) அரசுக்குச் செலுத்த வேண்டும் என்ற உத்தரவு அந்த மன்னிப்போடு நீங்கவில்லை. 2003-இல் சொத்து விவரம் கேட்ட நீதிமன்றத்திடம், தம் வங்கிக் கணக்கில் 2,90,000 வொன் மட்டுமே இருப்பதாக அவர் தெரிவித்தார். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 11,000 ரூபாய். பத்து ஆண்டுகள் கழித்து, பறிமுதலுக்கான கால வரம்பை நீட்டித்துச் சட்டம் இயற்றி, அவர் வீட்டிலும் மகன்களின் நிறுவனங்களிலும் சோதனையிட்ட பிறகுதான் வசூல் வேகம் பிடித்தது. அப்படியும் 2021 நவம்பரில் அவர் இறந்தபோது 9,500 கோடி வொன்னுக்கு மேல் பாக்கி நின்றது. அவரோடு தண்டிக்கப்பட்ட, அவருக்கு அடுத்து அதிபராக இருந்த ரோ டே-வூ தாம் கட்ட வேண்டிய தொகையை 2013-இல் கட்டி முடித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கல்குளம் வட்டாரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓர் ஆனி மாதம், மழையால் பால்வெட்டு நின்று கூலி இல்லாமல் போன ரப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவர், ஏல நோட்டீஸை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர் முன் வந்து நின்றார். அடகில் இருந்தது நாலு கிராம் கம்மல். "மழை விட்டா கெட்டிருவேன் சாரே, ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டார். விதி இடம் தரவில்லை. அந்தக் கம்மலை ஏலப் பட்டியலில் எழுதிய கை என்னுடையது. அதனால்தான் 9,500 கோடி வொன் பாக்கி என்று படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் மாநிலத்திலும், ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் 1996-இல் கைப்பற்றப்பட்ட நகைகள் தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது 2025 பிப்ரவரியில்தான். இடையில் ஓடியவை 28 ஆண்டுகள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ ஆட்சித் தலைவர் ஒருவர் ஊழலுக்காகத் தண்டிக்கப்படும்போது, அவர் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் சிறைத் தண்டனைக்கு இணையான எழுத்தில் அச்சிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதே வழக்கை மறுபடி எடுத்து, அதில் எவ்வளவு வசூலானது என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.