முகாமில் தூக்கம் வராதவர்களைப் பற்றி

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தஞ்சாவூருக்கே பணிமாறுதல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு இலங்கைத் தமிழர் முகாமில் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறாய். வீட்டில் உட்காரும் ஆள் இல்லை நீ, அது தெரிந்ததுதான்.

பெரியவர்கள் பலர் தூக்கம் இல்லை என்கிறார்கள், ஆண்கள் குடிக்கிறார்கள், நன்றாகப் படித்த பையன்கள் பன்னிரண்டாம் வகுப்போடு சுருண்டுவிடுகிறார்கள், எல்லாம் போரின் பாதிப்புதானே, ஓர் ஆலோசகரை அழைத்துவந்து எல்லோரையும் உட்கார வைத்து மனம்விட்டுப் பேசச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறாய், ஆனால் இந்தத் துறையில் அதிகம் கெடுதல் செய்தது இந்த நல்ல எண்ணமே. பட்ட துயரத்தை ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் முறை பின்னாளில் வரும் மனவடு நோயை, அதாவது பட்ட பயங்கரம் நினைவில் விடாமல் துரத்தும் நோயை, தடுப்பதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்குகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. கூட்டத்தில் அழுதுவிட்டுப் போகிற பெண்ணுக்கு அன்றிரவு பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவள் சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சாகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் யார் எந்த இயக்கத்தில் இருந்தார்கள், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் முகாமில் இன்னும் ஆறாத பேச்சு. தமிழ்நாடு போலீசின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்ணில் பல ஆண்டு வாழ்ந்தவர்கள் குறிப்பேடு வைத்திருக்கிறவரைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வார்கள். மூடிக்கொள்வது அவர்கள் வரையில் சரியான முடிவு.

போரின் பாதிப்புதானே என்ற கேள்விக்கு வருகிறேன். 1983 தொடங்கி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ஏறத்தாழ 58,000 பேர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்களைத் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்கள் திரும்பியதுண்டு. குழந்தையோடு வெயிலில் தண்ணீரின்றிக் கிடந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலருக்கு மனவடு இருக்கிறது. தீபாவளி வெடிச்சத்தத்துக்குக் கட்டிலடியில் பதுங்குவதும், ஹெலிகாப்டர் போனால் வெலவெலத்துப்போவதும் அதுதான். ஆனால் உன் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அவர்களின் அப்பா அம்மாவில் பலர்கூட இங்கேயே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். ஷெல் விழுந்ததைப் பார்க்காதவனுக்கு ஏன் இருபது வயதில் தூக்கம் போகிறது?

இதற்கு விடை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரே திசையில்தான் வந்திருக்கிறது. 2005இல் போர்ட்டர், ஹாஸ்லம் என்ற இருவர் பல நாட்டு அகதிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அகதிகளின் மனநலம், வந்த இடத்தில் அவர்கள் எப்படி வைக்கப்படுகிறார்கள் என்பதையும் பொறுத்திருந்தது. முகாம் போன்ற இடங்களில் தங்க வைக்கப்பட்டவர்களும், தொழில் செய்ய வழி அடைக்கப்பட்டவர்களும் மோசமாக இருந்தார்கள். ஊரில் வசதியாக வாழ்ந்தவர்களும் கூடுதலாகப் படித்தவர்களும் அதிகம் துவண்டிருந்தார்கள். சிட்னியில் இராக், ஈரான் பகுதியிலிருந்து வந்த மாண்டேயன் என்ற சிறுபான்மை மதத்து அகதிகளிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கும் நிரந்தர விசா பெற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரிந்தது. முன்பு பட்ட துன்பத்தின் அளவைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் வைத்திருப்பது தன்னளவிலேயே நோய் தரும் காரணி என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதை உன் முகாமில் வைத்துப் பார். பழைய வரிசை வீடு பத்துக்குப் பத்தடி. அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண், தம்பி, சில வீடுகளில் பாட்டியும். இரவில் ஒருவர் இருமினால் ஐவரும் விழிப்பார்கள். பக்கத்து வீட்டுச் சண்டை சுவருக்கு இந்தப்புறம் முழுதும் கேட்கும். பெண் பிள்ளைகள் உடை மாற்றக் காத்திருக்க வேண்டும். கணவன் மனைவிக்குத் தனிமை என்பதே இல்லை. தூக்கம் இல்லை என்று சொல்கிறவரிடம் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்காமல் மாத்திரை எழுதினால் அது பாதி வைத்தியம்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தது. புது வீடு கிடைத்த குடும்பங்களுக்கு அது பெரிய மருந்து. கிடைக்காதவர்கள் இன்னும் பழைய வரிசையில்தான்.

அடுத்தது செக்கிங், அதாவது முகாமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் பார்த்துப் பதிவு எடுப்பது. அந்த நாளில் ஆள் இருக்க வேண்டும், உதவித்தொகை அதோடு கட்டப்பட்டது. உன் முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள். வெளி மாவட்டத்தில் பத்துப் பதினைந்து நாள் வேலை கிடைக்கும்போது செக்கிங் வந்தால் ஒன்று கூலி போகும், அல்லது பெயர் விடுபடும். எத்தனை முறை சரியாக நின்றாலும் அடுத்த முறை விடுபடுமோ என்ற பயம் போவதில்லை. இந்தச் சின்னச் சின்ன பயங்கள்தான் ஆளை அரிக்கின்றன. பெரிய துயரத்துக்காவது ஊர் கூடி அழும், இதற்கு யாரும் அழுவதில்லை.

பையன்கள் விஷயத்தில் நீ சரியாகவே கவனித்திருக்கிறாய். பத்தாம் வகுப்பு வரை ஓடுகிற பிள்ளை, தனக்கு முன்னால் பொறியியல் முடித்த அண்ணன் பிரஷ் பிடிப்பதைப் பார்க்கிறான். பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, தனியார் நிறுவனமும் அடையாளச் சான்று கேட்ட இடத்தில் தயங்குகிறது. படித்து என்ன என்று அவன் கேட்டால் அதை மனச்சோர்வின் அறிகுறி என்று எழுதிவிடாதே, அது உண்மை நிலவரம். அவனிடம் நம்பிக்கை வை என்று உபதேசிப்பதைவிட அவன் வீட்டுக் காகிதங்களைப் பார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள். அவன் தாயோ தந்தையோ 1984க்கும் 1987க்கும் இடையில் மண்டபத்திலோ வேறு முகாமிலோ பிறந்திருந்தால், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடச் சொல். இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று தொடங்க வேண்டும். பிள்ளையின் நிலை அவன் பிறந்த தேதியையும் மற்றொரு பெற்றோரின் நிலையையும் பொறுத்தது என்பதால் வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த வாக்குறுதியும் கொடுக்காதே. இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழராக இருந்தால் கதை வேறு. அவர்களுக்காக இலங்கை 2003இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், 2009 திருத்தத்தால் இந்திய முகாம்களில் இருப்பவர்களையும் உள்ளடக்கியது. காகிதம் கைக்கு வருவதற்கு முன்பே, தன் விஷயத்தை ஒருவர் எடுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் பையன் கொஞ்சம் நிமிர்வான்.

இன்னொரு வகைத் துயரம் உன் கண்ணில் படாமல் போகலாம். காணாமல் போனவர்களின் வீடுகள். பிடித்துக்கொண்டு போன கணவன், ஆஸ்திரேலியாவுக்கு என்று படகேறிச் செய்தி வராத மகன். அந்த மனைவி பொட்டை அழிக்கவும் மாட்டார், வைக்கவும் கூசுவார். திவசம் கொடுத்தால் தானே கொன்றதாகும், கொடுக்காவிட்டால் ஆன்மா அலையும் என்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இதில் அனுபவமில்லாத ஆலோசகர்கள் செய்யும் பிழை, காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவது. அது அந்த மனைவிக்குத் துரோகமாகவே படும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழப் பழக்குவதே இங்கே வேலை. அதே நிலையில் இருக்கும் வேறு இரண்டு மூன்று பெண்களோடு சேர்ந்து உட்கார வைப்பது, கோயிலிலோ மாதா கெபியிலோ பெயர் சொல்லி விளக்கேற்ற வழி செய்வது, பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் தகப்பன் விவரம் எப்படி எழுதுவது என்று முடிவெடுக்க உதவுவது, இவை பயன்படும். தேடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. தேடலுக்கு ஒரு நேரம், அடுப்புக்கும் பிள்ளைக்கும் ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்ளச் சொல்லலாம்.

இதையெல்லாம் சொல்வதால் முகாமில் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குக் கடுமையாக இருக்கிறது. அந்த ஒருவரை அடையாளம் காண்பதுதான் உன் வேலை. பெரும்பாலும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒரே யோசனை, பெருமூச்சு வருகிறது, நெஞ்சு இடிக்கிறது, மேலெல்லாம் வலி, தலை எரிகிறது என்பார்கள். எல்லா ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் நாட்டமில்லாமல், வழக்கமான வேலையே செய்ய முடியாமல் இருந்தால் அனுப்பிவை. தனக்குத்தானே பேசுகிறவர், யாரோ தன்னைக் கண்காணிப்பதாக மிரள்கிறவர், குளிக்காமல் மூலையில் கிடக்கிறவர் என்றால் அன்றைக்கே. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்: கண்காணிக்கிறார்கள் என்று முகாமில் ஒருவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், அவசரப்பட்டு மனப்பிறழ்வு என்று முடிவு கட்டாதே. வலிப்புக்காரர்களையும் கேட்டு வை. பேய் பிடித்தது என்று மறைத்து வைத்திருப்பார்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார், மருந்து இலவசம். மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொரு நபருக்கும் என்றே சொல்கிறது, குடிமகனுக்கு என்று அல்ல. முகாம் அட்டையைக் காட்டினால் போதும். யாராவது மறுத்தால் இதைச் சொல். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டலும் பதற்றமும் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பாதிப்பேர் ஐந்தாம் நாளே நிறுத்துகிறார்கள். சரியான பிறகும் ஒன்பது மாதமாவது தொடர வேண்டும். பெயின்ட் வேலைக்கு வெளியூர் போகிறவருக்கு ஒரு மாத மருந்தாகக் கேட்டு வாங்கச் சொல். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்குகிறவர்களையும் விசாரி. அல்பிரசோலாம் போன்றவை சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும். அவற்றையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை, கார்த்திகை வரப்போவதால். தினமும் குடிக்கிறவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துவார். ஊரே பாராட்டும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சியைப் பிடித்து, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவார். உயிரே போகும். காலையில் எழுந்ததும் நடுக்கம் வருகிறவர், முன்பு வலிப்பு வந்தவர் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். அங்கே தையமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் கொடுப்பார்கள். குளுகோஸ் மட்டும் ஏற்றி அனுப்புகிற இடத்துக்குப் போகாதீர்கள். தையமின் இல்லாமல் குளுகோஸ் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும்.

சாவைப் பற்றிப் பேசுகிறவர் இருந்தால் நேராகவே கேள்: உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. ஆம் என்றால் தனியே விடாதே, குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரைக் கூப்பிடு, வீட்டில் பூச்சிமருந்தோ மாத்திரைக் குவியலோ இருந்தால் அப்புறப்படுத்து, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. இரவில் வழிகாட்டல் வேண்டுமானால் 14416, அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. போலீஸ் வழக்கு வருமோ என்ற பயத்தில்தான் முகாமில் இதை மறைப்பார்கள். அதே 2017 சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

நோய் அளவுக்குப் போகாத பெரும்பான்மைக்கு என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஐந்து வார முறை ஒன்று இருக்கிறது. வாரம் ஓர் அமர்வு, ஒன்றரை மணி நேரம். மெதுவாக மூச்சு விடப் பழகுவது, தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்துச் சின்னப் படிகளாக உடைப்பது, விட்டுப்போன வேலைகளை மீண்டும் தொடங்குவது, உதவக்கூடிய ஆட்களை நெருங்குவது, கடைசி வாரம் எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பது. பாகிஸ்தானின் பெஷாவரில் மனநலப் படிப்பே இல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து இதை நடத்தினார்கள். பதற்றமும் சோர்வும் குறைந்ததை 2016இல் பதிவு செய்தார்கள். கதையைக் கிளறாமல் இன்றைய பிரச்சினையோடு தொடங்குவதால் முகாமுக்குப் பொருந்தும். முகாமிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, வாய் காக்கத் தெரிந்த இரண்டு பெண்களையும் ஒரு ஆணையும் பார்த்து வை. எங்கள் குழுவில் பயிற்சி கொடுப்போம். ஆனால் வாரம் தவறாமல் அவர்களோடு உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். அந்த மேற்பார்வை நின்ற இடத்தில் இந்தத் திட்டம் தானாகவே உபதேசமாக மாறிவிடும். அந்த ஒருவராக நீ இருப்பாயா என்று யோசி.

அடுத்த கடிதத்தில் செக்கிங் எந்தத் தேதியில் நடக்கிறது என்று எழுது. அந்த நாளையும் சனிக்கிழமைக் கூலி நாளையும் விட்டுவிட்டு நாங்கள் வரும் நாளைக் குறிக்கலாம். பெற்றோரின் பிறந்த ஆண்டு, ஊர் விவரத்தைப் பிள்ளைகளிடம் கேட்காதே, அம்மாக்களிடம் கேள்.

அன்புடன்,
முத்துக்குமார்