ஒரே துளையில் மூன்று குண்டுகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த இலக்குத் தாளும் கிடைத்தன. 100 கெஜத்தில் மூன்று குண்டுகளும் ஒரே துளையாகக் கிழித்திருப்பதைப் பார்த்து மனம் மகிழ்ந்தது. ஆனால் அவற்றில் நீ போட்ட பவுடர் (வெடிமருந்து) அளவையே முடிவாகக் கொண்டு இருநூறு தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தவுடன்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து சில வாரங்கள் பொறு.

இங்கே ஓஹையோவில் அனைவரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குச் சென்றுவிட்டாள். அவள் படித்த மேஜைதான் இப்போது, சுட்டு முடித்த கூடுகளில் மீண்டும் பவுடரும் குண்டும் நிரப்பும் என் ரீலோடிங் மேஜை; அதற்கான அழுத்துக் கருவியான பிரஸ்ஸை அதில் திருகியபோது வீட்டில் சற்று வருத்தம் இருந்தது, இப்போது பழகிவிட்டது.

உன் துப்பாக்கி .308 வின்செஸ்டர். 1952-இல் வெளிவந்த அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தை நம் வீட்டு மேஜையில் அளக்க வழியே இல்லை. அதற்கென உணர்கருவி பொருத்திய சோதனைக் குழல்களில் சுட்டுப் பார்த்தவர்கள் எழுதிய கையேடுதான் நமக்குக் கண். ஆகவே அதே குண்டு, அதே பவுடர், அதே ப்ரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) என்று கையேடு சொல்லும் சேர்க்கையை எடுத்துக்கொண்டு, அது தரும் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறு. இவற்றில் ஒன்றை மாற்றினாலும் மீண்டும் தொடக்க அளவுக்கே இறங்கிவிடு. சுடுதளத்தில் பொறுக்கிய கலப்புக் கூடுகளைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தாய். ராணுவக் கூடுகளின் சுவர் பெரும்பாலும் தடிமனாக இருப்பதால் உள்ளே இடம் குறைவு. மற்றொரு கூட்டில் பிரச்சினையே தராத அளவு அதில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே நிறுவனத்தின், ஒரே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) வந்த கூடுகளை வாங்கு.

ப்ரைமர் தட்டையாகவில்லை, போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) இலகுவாகத் திறக்கிறது, ஆகவே பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். அந்த அடையாளங்கள் தெரியும்போது அழுத்தம் பெரும்பாலும் எல்லையைத் தாண்டியிருக்கும். தெரியாமல் இருப்பதாலேயே எல்லைக்குள் இருக்கிறோம் என்றும் ஆகாது. அவற்றைவிட, குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான க்ரோனோகிராஃப் காட்டும் வேகம் நேர்மையானது. உன் குழலின் நீளத்தையும் கணக்கில் கொண்ட பிறகும் கையேட்டின் உச்ச வேகத்தை உன் தோட்டா மிஞ்சுகிறது என்றால், அந்தக் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்தே வந்திருக்கிறது. உங்கள் அரிசோனா வெயிலில் காருக்குள் கிடந்து சூடேறிய தோட்டா இன்னும் வேகமாகப் போகும். உன் அளவு குளிர்காலத்தில் தேர்ந்தெடுத்தது என்பதை மறந்துவிடாதே.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை இரவு, களைப்பில், பவுடர் அளவியில் மீந்ததை டப்பாவுக்குத் திருப்பாமல் படுத்துவிட்டேன். அடுத்த வாரம் அலமாரியில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே நிறத்திலும் வடிவத்திலும் இரண்டு பவுடர்கள். அளவியில் இருப்பது எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அனைத்தையும் தோட்டத்தில் மெல்லிய படலமாகத் தூவிவிட்டேன். மேஜை மீது ஒரு டப்பாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அன்று பிறந்தது. தராசை அரை மணி நேரம் முன்பே இயக்கி வைப்பதும், சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்ப்பதும், ஹீட்டர் காற்று படாமல் அதை நகர்த்துவதும் அதற்குப் பின் வந்த பழக்கங்கள். ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்கு என்பது நீள் துகள் பவுடரில் நான்கைந்து துகள்தான். நிரப்பி முடித்ததும் ஐம்பது கூடுகளையும் மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் கழுத்துக்குள்ளும் பார்ப்பேன். ஒன்றில் மட்டும் மட்டம் தாழ்ந்தோ உயர்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டி மீண்டும் எடை போடுவேன்.

கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான டை, கூட்டின் தோள்பட்டையை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, அதிகம் பின்தள்ளினால் அடிப்பகுதி ஒவ்வொரு முறையும் நீண்டு மெலியும். போல்ட் துப்பாக்கிக்கு 0.002 அங்குலம் பின்தள்ளினால் போதும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல இழுத்துப் பார். நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால், அந்தக் கூடு அடுத்த வெடிப்பில் இரண்டாகப் பிரியக்கூடும். யோசிக்காமல் நசுக்கி எறி.

இனி அந்த மூன்று குண்டுகளுக்கு வருகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தபோது, வேண்டிய அளவீடு ஒரு முறை வந்ததும் பியூரெட்டைக் கழுவப் போன என்னை, ஒத்த மதிப்பு வரும்வரை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நீதான். இங்கும் அதே கதைதான். 0.3 கிரெயின் இடைவெளியில் எட்டு அளவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று வெடிகள் என்று சுட்டால், எட்டில் ஒன்று தற்செயலாகவே அழகாக அமைந்துவிடும். பவுடரைக் கூட்டியும் வேகம் ஏறாமல் நிற்கும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்ததாக நானும் ஒருமுறை கொண்டாடினேன். அடுத்த வாரம் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த இடம் நகர்ந்துவிட்டது. ஐந்து வெடிகளில் வேகத்தின் திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வினாடிக்கு 6 அடி என்று வந்தால், உண்மையான விலக்கம் ஏறத்தாழ 3.6 முதல் 17 வரை எங்கும் இருக்கலாம். முப்பது வெடிகள் சுட்டால்தான் அந்த வரம்பு 4.8-க்கும் 8-க்கும் இடையில் சுருங்குகிறது. 1,000 கெஜத்தில் வினாடிக்கு 10 அடி வேக வேறுபாடு உன் 175 கிரெயின் குண்டைச் சுமார் 3 முதல் 4 அங்குலம் மேலோ கீழோ நகர்த்தும். அத்தூர இலக்கின் பத்துப் புள்ளி வட்டமோ 20 அங்குலம். ஆகவே கடைசி ஓரிரு அடி வேகத்துக்காக உச்ச அளவை நெருங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உச்சத்துக்கு வசதியாகக் கீழே ஓர் அளவைத் தேர்ந்தெடு, இருபது வெடிகளை ஒரே தாளில் சுடு, அந்தத் தாளை எனக்கு அனுப்பு. வட்டம் பெரிதாகத்தான் இருக்கும்; ஆனால் அதுதான் உன் துப்பாக்கியின் உண்மையான அளவு.

1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்துவரும் கேம்ப் பெர்ரி, ஈரி ஏரிக்கரையில் என் வீட்டிலிருந்து காரில் போகும் தூரம்தான். கோடையில் நீ வந்தால் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம். அடுத்த கடிதத்தில் நீ பார்க்கும் கையேடு எந்தப் பதிப்பு, பவுடர் டப்பாவின் லாட் எண் என்ன, பேப்பர் கிளிப் எங்காவது சிக்கியதா என்ற மூன்றையும் அவசியம் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்