பட்டறைகளின் நிலுவை

ஐயா,

கோவையில் புத்தொழில் மையங்கள் திறப்பது நல்லதுதான். ஆனால் இவ்வூரின் புதுமை, திறப்பு விழாக்களால் வளர்ந்ததில்லை. 1951இல் பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) தொழில்நுட்பக் கல்லூரி வந்தது; 1956இல் ஜவுளி ஆலைகளுக்கென 'சிட்ரா' ஆய்வு நிலையம் வந்தது. இவற்றோடு சிறு பட்டறைகளும் பெருகின. பம்ப் செய்பவருக்கு வார்ப்படமும் கடைசலும் ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன. மாதிரி சரியில்லையென்றால் உடனே திருத்திக்கொள்ளலாம்.

அந்தப் பட்டறைகளுக்கு, வேலை கொடுத்த நிறுவனங்கள் தர வேண்டிய கூலிதான் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது. 45 நாள்களுக்குள் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம். வற்புறுத்தினால் அடுத்த ஆர்டர் போய்விடும். யார் புகார் கொடுப்பார்? மாவட்டத் தொழில் மையமே பட்டறைகளுக்கு நேரில் சென்று நிலுவைக் கணக்கை எடுக்கட்டும்.

— ஒரு வாசகர், பீளமேடு, கோவை