மார்பை முழுதாக எடுக்காத சத்திர சிகிச்சை வன்னிப் பெண்களுக்கும் எட்டவேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
ஒட்டுசுட்டான் பிரதேச செயலர் பிரிவு,
முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
வட மாகாணம்.

விடயம்: ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு மார்பைக் காத்துச் செய்யும் சத்திர சிகிச்சை

மதிப்புக்குரிய ஐயா,

ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய்க்கு மார்பு முழுவதையும் அகற்றுவது ஒன்றுதான் வழி என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காக்கும் இன்னொரு வழி இருப்பதை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லவேண்டும். அவர்கள் அதை விரும்பினால், தூரம் அதற்குத் தடையாக இருக்கக்கூடாது. இந்த இரண்டையும் கேட்டே இம்மனுவை எழுதுகிறோம்.

என் தங்கச்சியின் கட்டி, அறிக்கையின்படி 16 மில்லிமீற்றர். கமக்கட்டில் எதுவும் தட்டுப்படவில்லை. "முழுக்க எடுக்கவேணும், இதிலை கையெழுத்துப் போடுங்கோ" என்று படிவத்தை நீட்டினார்கள், அவளும் போட்டாள். இன்று உயிரோடு, சுகமாக இருக்கிறாள். அதற்காகச் சிகிச்சை செய்தவர்களை நாங்கள் என்றும் மறக்கமாட்டோம். ஆனால் பழைய பருத்திச் சேலையை மடித்து உறைபோலத் தைத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்கும் சந்தைக்கும் போகிறாள். கமக்கட்டு நிணநீர்க் கணுக்களையும் மொத்தமாக எடுத்ததால் கை வீங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அள்ள முடியவில்லை. அவளுக்கு மார்பைக் காத்திருக்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை, அதுதான் எங்கள் மனக்குறை.

மார்பைக் காக்கும் இந்தச் சிகிச்சை புதிதாக வந்த ஒன்றில்லை. இத்தாலியின் மிலான் நகரில் 1973 தொடக்கம் 1980 வரை, 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டியுள்ள 701 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மார்பை முழுவதும் அகற்றினார்கள். மற்றவர்களுக்குக் கட்டி இருந்த பகுதியை எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். 20 வருடங்கள் கழித்து, 2002இல் வெளியான முடிவில் இரு பிரிவினரின் ஆயுளிலும் வித்தியாசம் இருக்கவில்லை. மார்பைக் காத்தவர்களில் 30 பேருக்கும் மற்றவர்களில் 8 பேருக்கும் அதே பக்கத்தில் நோய் திரும்பியது உண்மைதான். அதையும் மறைக்காமல் சொல்லட்டும், கேட்டுவிட்டுப் பெண்ணே முடிவெடுக்கட்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதும் எங்களுக்குத் தெரியும். மார்பின் வெவ்வேறு பகுதிகளில் கட்டிகள் இருந்தால், முன்பே அந்த இடத்தில் கதிர்ச் சிகிச்சை எடுத்திருந்தால், மார்பின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிதாக இருந்தால் முழுவதும் எடுக்கவேண்டி வரலாம். கட்டி பெரிதாக இருக்கும் சிலருக்கு முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டுப் பிறகு சத்திர சிகிச்சை செய்கிறார்கள். கமக்கட்டிலும், முதலில் நிணநீர் வந்துசேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடாமல் விடும் முறை இருக்கிறது. வயலிலும் கிணற்றடியிலும் கையை நம்பிப் பிழைக்கும் எங்கள் பெண்களுக்கு இது சின்ன விடயம் இல்லை.

சரி, சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? கட்டியை மட்டும் எடுத்தவர் கதிர்ச் சிகிச்சைக்கும் போகவேண்டும். அமெரிக்காவில் 20 வருடம் தொடர்ந்த ஆய்வொன்றில், கதிர் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கும், எடுக்காதவர்களில் சுமார் 39 பேருக்கும் அதே மார்பில் நோய் திரும்பியது. அந்தச் சிகிச்சை திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சில நிமிடங்கள், வழமையாக மூன்று முதல் ஐந்து கிழமைகள். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து, ஏ9 வழியே யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் தெல்லிப்பழைக்குப் போக ஒரு வழிக்கே 100 கிலோமீற்றருக்கு மேல். கொழும்புப் பக்கம் தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகம அதைவிட எவ்வளவோ தூரம். கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு அத்தனை கிழமை போவாள்? "முழுக்க எடுத்துவிடுங்கோ, அலைய ஏலாது" என்று அவளே சொல்லிவிடுவாள். அந்தப் பதிலை அவள் வாயிலிருந்து வரவைப்பது பஸ் பயணமும் வீட்டு நிலைமையும்தான்.

ஆகவே, இரண்டு சத்திர சிகிச்சைகளையும் எளிய தமிழில் படங்களோடு விளக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்றைச் சுகவனிதையர் கிளினிக்குகளிலும் சத்திர சிகிச்சைக் கிளினிக்குகளிலும் கிடைக்கச் செய்யுங்கள். கையெழுத்துக்கு முன், வீட்டாரோடு பேசிவர அவகாசம் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, கதிர்ச் சிகிச்சைக் காலத்தில் வன்னிப் பெண்கள் வைத்தியசாலைக்கு அருகில் பாதுகாப்பாகத் தங்க நிச்சயமான இடமும் போக்குவரத்துச் செலவுக்கு உதவியும் வேண்டும். ஒரு கிழமையில் ஐந்து தடவையோடு கதிர்ச் சிகிச்சையை முடிக்கலாம், அது மூன்று கிழமைச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று 2020இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. பொருத்தமானவர்களுக்கு அதைக் கொடுக்க முடியுமா என்று தங்கள் புற்றுநோய் வைத்திய நிபுணர்களிடம் கேட்டறியுமாறும் வேண்டுகிறோம்.

ஒக்டோபர் மாத விழிப்புணர்வு நிகழ்வுகளுக்கு முன் துண்டுப்பிரசுரமாவது எங்கள் கைக்கு வந்தால், குடும்பநல உத்தியோகத்தர்களோடு சேர்ந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கச் சங்கம் தயாராக இருக்கிறது. தங்களை நேரில் சந்தித்துப் பேச ஒரு திகதி தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளரும் சங்க அங்கத்தவர்களும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)